படகுக்கு ஒரு பங்கு

பன்னிரண்டு மணிக்குத் தடைக்காலம் முடிகிறது.
அதற்குள் நாகம் சாக வேண்டும்.
துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிறார்கள் என்கிறான் கலியவரதன்.
அவன் மைக்கில் கட்டி உடைபடும் சத்தம்
மஞ்சக்குப்பத்தில், பாதி இறக்கிய ஷட்டருக்குள்,
என் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் கேட்கிறது.
இதயத்துல்லா, சார்ஜர் செருகியிருக்கிறாயா?
ஜெயசீலி, சிப்காட் பஸ் இறக்கிவிட்டுவிட்டதா?
கையை அப்புறம் கழுவிக்கொள், அந்த வாடை எங்கும் போகாது.

சரி. ஒரே முறைதான் சொல்வேன்.

நாகம் எழுந்ததும் யாரும் அடிக்காதீர்கள்.
முதல் வெட்டு கலியனுடையது.
மூன்று எண்ணுங்கள்.
அதன் கோபம் முழுக்க அவன் கேடயத்துக்குப் போன பிறகு
அம்பு. அதற்கும் பிறகு நெருப்பு.
போன வாரம் ஒன்று என்றதுமே துல்லா கொளுத்தினான்;
நாலு பேரும் ஊர்க் கிணற்றடியில் உயிர்த்தெழுந்து
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வால் பக்கம் நிற்காதே ஜெயசீலி.
தலைப் பக்கமும் வேண்டாம்.
விலாவுக்கு நேரே ஒரு உடைந்த தூண் இருக்கிறது,
பஸ் ஜன்னலில் துண்டு போடுகிற மாதிரி
முதலிலேயே ஓடிப்போய்ப் பிடித்துவிடு.

போஷனைச் சேர்த்து வைக்காதீர்கள்.
நான் செத்தபோது என் பையில்
முப்பத்தெட்டு சிவப்புப் புட்டிகள்,
நல்ல நாளுக்கு ஆகும் என்று
பீரோவிலேயே மடிப்பு கிழிந்த பட்டு மாதிரி.

லெவலா?
நாம் மூவரும் முப்பத்தொன்று. அவன் நாற்பத்துநாலு.
அறுபத்தோரு நாள் கரையில் கட்டிப்போட்டால் எவனும் ஆவான்.
பகலில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டினான்,
ராத்திரியில் சதுப்பு நிலத்து நண்டாகக் கொன்றான்.
நண்டுக்கு நாலு புள்ளி.
சாகாம திரும்ப முடிஞ்சத தெனமும் அடி, என்பான்.
நாம் கேட்கவில்லை.
துல்லா மந்திரவாதியாக இருந்துகொண்டு
எல்லாப் புள்ளியையும் பலத்தில் போட்டான்,
வாள் பார்க்க அழகாயிருக்கிறதாம்.

நான் ஹீலர். யாரையும் கொல்வதில்லை.
கொன்றவருக்கே புள்ளி என்பது அங்கே சட்டம்.
ஏழு மாதம் உங்களைத் தைத்துத் தைத்து
பத்தொன்பதிலேயே கிடந்தேன்.
கலியன்தான் செட்டிங்கைத் தோண்டி
சமபங்கு என்று மாற்றினான்.
"படகு மீன் புடிக்குதா? ஆனா படகுக்குப் பங்கு உண்டுல்ல?"
அதிலிருந்து என் பெயர் உங்களுக்குப் படகு.

பதினொன்று ஐம்பத்தாறு.
நாகத்துக்குக் கால்வாசி உயிர் மிச்சம்,
துல்லா இந்த முறை மூன்று வரை எண்ணினான்.
மைக்கில் இன்ஜின் பிடிக்கிறது.
"படகு, கெளம்பறேன்."
என்னிடம் சொல்கிறானா, அங்கே நிற்பதனிடமா தெரியவில்லை.
"கேடயத்தத் தூக்கிப் பூட்டிட்டேன்.
லைன் அறுந்தாலும் பத்து நிமிஷம் நிக்கும்.
அடிய அது வாங்கும், நீ ஊத்திக்கிட்டே இரு."

முகத்துவாரத்தில் அவன் குரல்
மணலாய் உதிர்ந்து, நின்றது.

ஊற்றினேன்.
ஆள் இல்லாத அந்தக் கவசத்தின்மேல்
ஒவ்வொன்றாய், கணக்குப் பார்க்காமல்.
நாகம் அதையே கடித்தது, கண்ணிமைக்காத அதையே.
ஜெயசீலி தூணுக்குப் பின்னாலிருந்து
கெட்ட வார்த்தையோடு எய்துகொண்டிருந்தாள்.
முப்பத்தேழாவது புட்டியில்
தரை அதிர்ந்து, உப்புக் குவியலாய்ச் சரிந்தது.
மணி பார்க்கவில்லை.

திரையில் ஒரு கேள்வி:
*இணைப்பில் இல்லாதவருக்கும் பங்கு வழங்கவா?*

துல்லா, கையை எடு.
நான் அழுத்துகிறேன்.