பாலத்துக்கு அடங்காத ஆரஞ்சு

லாரியோடு சேர்த்துப் பதினைந்தரை அடி என்று
தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
காம்பைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நள்ளிரவு தாண்டி ஒன்றேகால்.
கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கு.
அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் மூடுபனி.
ரயில் பாலத்துக்கு ஒரு சாண் முன்னால்
நின்றுவிட்டது லாரி.
அதன் முதுகில்
ஓர் அறை அளவு ஆரஞ்சு.

அறுபத்தாறு வருடம்
நெடுஞ்சாலை ஓரத்தில்
விழாமலே பழுத்திருந்தது.
கம்பியை வளைத்து, கோழிவலை சுற்றி,
சிமெண்டு பூசி, அது காய்வதற்குள்
துடைப்பக் குச்சியால் குத்திக் குத்தித்
தோலின் சொரசொரப்பைக் கொண்டுவந்தவர்
கணக்கர் வேலையை விட்டுவிட்டு வந்த
ஹாகோப் பெதோயன்.
சுளை இருக்கவேண்டிய இடத்தில்
பிழியும் எந்திரம், ஐஸ் பெட்டி, ஒரு முக்காலி.
முக்காலியில் மகள் அராக்ஸி.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.
சிமெண்டு ஆரஞ்சு உதவியது.
அறுபது மைல் வேகத்தில் வருகிறவனுக்கு
எழுத்துக் கூட்டிப் படிக்க ஏது நேரம்?
ஜன்னலெல்லாம் திறந்து கிடக்க
வேர்த்து வடிந்துகொண்டு வரும் கார்கள்.
பின் இருக்கையில்தான் முதலில் கூச்சல் கிளம்பும்.
அப்புறம் பிரேக்.
ஒரு கோப்பை பத்து சென்ட்.

பிறகு காருக்குள்ளேயே குளிர் வந்தது.
கண்ணாடிகள் ஏறிக்கொண்டன.
புதிய சாலை ஆறு தடத்தில்
அரை மைல் தள்ளிப் போனது.
சுகாதார அதிகாரி வந்தார்:
கைகழுவ இன்னொரு தொட்டி வேண்டும்,
அந்த மூலையில் வையுங்கள்.
உருண்டைக்கு மூலை கிடையாது என்றாள் அராக்ஸி.
அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அதன்பின் ஆரஞ்சுக்குள்
ஜூலை மாதம் மட்டும் ஒருவன் பட்டாசு விற்றான்.
ஒருத்தி செல்போன் உறை.
ஜாமீன் பணம் கட்டிக் கைதியை மீட்கும்
தம்பதி ஒன்று பதினோரு வருடம் இருந்தது.
நடுச்சாமத்தில் தொலைபேசியில்
அழுகிறவர்களுக்கு வழி சொல்லும்:
“ஆரஞ்சு, அம்மா. பழம்.
ஆமாம், பழமேதான். கதவு இருக்கும்.”

இப்போது வாங்கியிருப்பவர்
வடக்கே ஒரு பாதாம் தோட்டக்காரர்.
பழுப்புச் சாயம் அடித்து,
ஒரு பக்கம் கூராகச் சிமெண்டு வைத்தால்
தூரத்திலிருந்து பாதாம் மாதிரி இருக்காதா
என்று கேட்கிறார்.

டெல்பர்ட் குவைரிங்
பதினெட்டுச் சக்கரத்திலும் காற்றை இறக்கினார்.
மூன்று விரற்கடை கிடைத்தது. போதவில்லை.
முன்னால் மஞ்சள் விளக்குக் காரில் வந்த மாரிசெலா
அறுக்கும் எந்திரத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.
பொறி பறந்தது.
காம்பாக நின்ற இரும்புக் குழாய்
ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு தோலோடு
பெயர்ந்து வந்தது.

காரில் தூங்கிக்கொண்டிருந்த அவள் பையன்
கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டான்:
ஜூஸ் வருமா?

யாரும் கூப்பிடாமலே
பழைய ப்யூக்கில் பின்னால் வந்திருந்த அராக்ஸி
வராது என்று சொல்லவில்லை.
பொறு, என்றாள்.

ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்த மாரிசெலா
உள்ளே என்னமோ கோடு கோடாக இருக்கிறது என்றாள்.
ஜாமீன்காரர்கள் பூசிய சந்தன நிறம்
பொருக்குப் பொருக்காய் உதிர்ந்த இடங்களில்
வெள்ளை வெள்ளையாய்,
உச்சியிலிருந்து கீழே இறங்கும் கோடுகள்.

“சுளைக்குச் சுளை நடுவே நார்.
பத்து.
கோப்பை வாங்க வந்தவர்கள் ஒருவரும் பார்த்ததில்லை.
முக்காலியில் உட்கார்ந்து
அண்ணாந்தால்தான் தெரியும்.”

லாரி தவழ்ந்து பாலத்தைக் கடந்தது.
திறந்த உச்சி வழியே
பனி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

காம்பில் பற்றவைத்திருந்த தகர இலை
பாதாமுக்கு ஆகாது.
அராக்ஸி அதை வாங்கிப்
பின் இருக்கையில் சாய்த்து வைத்தாள்.
நுனி அடங்கவில்லை.
கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு
இலை வெளியே நீட்டிக்கொண்டிருக்க
அந்தக் குளிரில்
முப்பது மைல் வேகத்தில்
வீட்டுக்கு ஓட்டிப் போனாள்.