சார்ஜர் மட்டும்

ராத்திரி ஒன்றரைக்கு முதல் குடம் வந்தது.
பள்ளிக்கூட கேட் முன்னால், பச்சை பிளாஸ்டிக்,
வாய் விரிந்த குடம். ஏகவள்ளியுடையது.
அப்புறம் ஒரு செங்கல், ஒற்றைச் செருப்பு,
மூடியில்லாத பெயின்ட் டப்பா.
தண்ணி லாரிச் சட்டம்தான் இங்கேயும்:
பொருள் நின்றால் ஆள் நின்ற மாதிரி.

ஐந்நூறு ரூபாய்க்கு லேப்டாப்.
நூற்றிருபது இருக்கிறது என்று நோட்டீஸ்.
பழையவை, உள்ளது உள்ளபடி, என்றும் கீழே.
அதை யார் படித்தார்கள்?
கொருக்குப்பேட்டை படித்தது ஐந்நூறை மட்டும்.
எண்ணூர் போய்ச் சேர்வதற்குள் அது
முந்நூறாகி, கூட ஒரு பையும் இலவசமாகிவிட்டது.

"பையனுக்கா, பொண்ணுக்கா?"
வரிசையில் எல்லோரும் கேட்டார்கள்.
எனக்கு, என்றேன்.
சிரித்தார்கள்.
பதினோரு வருஷமாகச் சீட்டு நடத்துகிறேன், இருபது பேர்.
போன மழையில் நோட்டு ஊறி
எடுத்தவர் எடுக்காதவர் எல்லாம்
ஒரே நீலக் குட்டையாய்க் கலந்துபோனார்கள்.
ஜபருல்லா பாய் இரண்டு தரம் எடுத்தார் அந்த வருஷம்.
அவரும் பொய் சொல்லவில்லை, நானும் இல்லை.

எட்டரைக்கு ரயில்வே கேட்டைப் போட்டார்கள்.
கூட்ஸ் வண்டி, ஐம்பத்தெட்டுப் பெட்டி,
நடுவில் ஒரு தரம் நின்று யோசித்தது வேறு.
அதற்குள் அந்தப் பக்கம்
வியாசர்பாடி சேர்ந்துவிட்டது, மூலக்கொத்தளம் சேர்ந்துவிட்டது.
கேட் எழும்பியது.
குடங்கள் உருண்டன.
லாரிச் சட்டம் லாரிக்கு மட்டும்தான்போல.

கனகதுர்கா டீச்சர் நாற்காலி மேலேறி
டோக்கன், டோக்கன் என்று கத்தினார்.
விடைத்தாளைக் கிழித்துச் செய்த டோக்கன்.
பேனா இருந்தவனெல்லாம் எழுதிக்கொண்டான்,
நாற்பத்தேழாம் நம்பரோடு என் பக்கத்திலேயே மூன்று பேர்.
மயங்கி விழுந்த ஒருவருக்குச் சோடா தெளித்தவன்
அவர் கண் திறக்கும் முன்
"பெரியவரே, உன் டோக்கன் எங்கே?" என்றான்.
காவலுக்கு வந்த போலீஸ்காரர் ப்யூனின் காதில்
"ஓரமா ஒண்ணு வை" என்றது
எனக்கும் கேட்டது.

அப்புறம் பள்ளிக்கூட கேட் சாய்ந்தது.
யாரும் தள்ளவில்லை என்றுதான்
தள்ளிய எல்லோரும் இன்னும் சொல்கிறார்கள்.
ஏகவள்ளியின் கட்டைவிரல் நகம் அங்கே போனது.
கக்கத்தில் மூன்றும் பல்லிடுக்கில் ரசீதுமாய் ஓடினான் ஒருவன்.
ஒருத்தி ஒன்றின் மேல் உட்கார்ந்தே விட்டாள்,
எழுந்திருக்கவில்லை, பேசவுமில்லை.
மேசையடியில் ஒரு கறுப்பு ஒயர் தெரிந்தது. இழுத்தேன்.
அந்த முனையிலும் யாரோ இழுத்தார்கள்.
சட்டென்று லேசானது.

என் கையில் சார்ஜர்.
லேப் இரண்டு, முப்பத்தொன்று, என்று ஒட்டியிருந்தது.
ரசீது கேட்டேன், எதற்கு என்றார்கள்.

ஒன்பதாம் நாள் வாசலில் ஒரு பையன்.
யூஜின், காசிமேடு ஐஸ் கம்பெனி.
ஐஸ் மூடுகிற கோணியில் சுற்றி எதையோ அணைத்திருந்தான்.
"அக்கா, உங்காண்ட ஒரு சார்ஜர் கீதாமே. எவ்ளோ?"
விக்கிறதுக்கில்ல. உன்னுது எவ்ளோ?
"விக்கல."
கொஞ்ச நேரம் கொசுவை அடித்தோம்.
பிறகு, சும்மா பார்ப்போமே என்று
சொருகினோம்.

குந்துமணி அளவு ஆரஞ்சு வெளிச்சம்.
இருபது நிமிஷம் கழித்துத் திரை எழுந்து
பாஸ்வேர்டு என்றது.
பள்ளிக்கூடத்தின் பேரை அடித்தான். இல்லை.
கனகதுர்கா என்றேன். இல்லை.
முப்பத்தொன்று. இல்லை.
அவன் சிரித்த சிரிப்பில் எனக்கும் வந்துவிட்டது.

எழுந்து போகும்போது கேட்டான்,
"சீட்டு நடத்துறியாமே, மாசம் எவ்ளோ?"
ஐந்நூறு.
ஈரக் கையால் எண்ணிக் கொடுத்தான்.
புது நோட்டில் இருபத்தொன்றாவது பேர்,
பால்பாயிண்டில்.
லேப்டாப்பை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான்,
சார்ஜ் ஏறட்டும் என்று.