ஏழேகால் காட்சி

சந்தியாகோவில் அந்தப் பெரிய விநியோகஸ்தர்
பத்து நிமிடம் பார்த்தார்.
"பரவாயில்லை. ஆனால் போஸ்டரில் ஒரு பெண் அலற வேண்டும்."
படத்தில் யாரும் அலறுவதில்லை, சார்.
"அதனாலென்ன, போஸ்டரில் அலறட்டும்."
பிறகு, கோட்டை மாட்டிக்கொண்டே,
ரத்தக் காட்சிகளை எடுத்தது யார்,
இயக்குநரின் கணவரா என்றார்.

யஸ்னா ஒயார்சூனுக்குக் கணவர் இல்லை.
பீட்ரூட்டும் சோளமாவும் கலந்த
நாற்பது லிட்டர் ரத்தம் இருந்தது.
மூன்று மாதம் அவள் குளியல் தொட்டியில்
அதுதான் குளித்தது.

கடைசியில் கிடைத்தது
வியாழன் இரவு பத்தே முக்கால்,
நாலாவது அரங்கு, ஒரே ஒரு நாள்.
பெண் எடுத்த பேய்ப்படத்துக்கு இவ்வளவுதான் என்று
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அட்டவணைக்கு வாய் எதற்கு?
வந்தவர்கள் ஒன்பது பேர்,
அதில் நானும் நெலிடாவும் இருவர்.

ஹார்ட் டிஸ்க்கைக் கம்பளிக் காலுறையில் சுற்றிக்கொண்டு
தெற்கே பஸ் ஏறினேன்.
கல்புகோ. மழை. சால்மன் தொழிற்சாலை.
தியேட்டர் கிடையாது,
தீயணைப்புப் படையின் கூடம் கிடைத்தது.
நெலிடா வரைந்த போஸ்டரில் பெண்ணே இல்லை:
திறந்து கிடக்கும் ஒரு குளிர்ப்பெட்டி,
உள்ளே விளக்கு, அவ்வளவுதான்.
மருந்துக்கடையில் ஒன்று,
பூட்ஸ் கழுவும் குழாயடியில் நான்கு.

இரவு ஷிஃப்ட் ஆறரைக்கு முடியும்.
காட்சி காலை ஏழேகால்.
டிக்கெட்டோடு தேநீர், வெண்ணெய் தடவிய ரொட்டி.
"எட்டு மணி நேரம் நின்றாயிற்று,
பேயே ஆனாலும்
உட்கார்ந்து பார்க்கலாமே" என்றபடி
ஒர்ஃபெலினா முன்வரிசையில் அமர்ந்தாள்.
அவளுக்குப் பின்னால் ஐம்பத்தெட்டுப் பேர்,
மீன்வாசத்தோடு.

கடலிலிருந்து வந்ததை நாயகி கத்தியால் கிழிக்கும் இடம்.
விழாக்களில் ஆட்கள் எழுந்து ஓடிய இடம்.
கூடமே சிரித்தது.
எனக்கு உயிர் போனது.
"அவள் கத்தி பிடிக்கிற லட்சணத்தைப் பார்!
செவுளுக்குக் கீழே தொடங்கணும், பெண்ணே,
முதல் நாள் வேலையா?"
திரைக்கே பாடம் எடுத்தார்கள்.
இரண்டு பேர் தூங்கினார்கள்,
ஒருத்தி குறட்டையோடு.

பிறகு அந்த நாலு நிமிடம்.
குளிர் அறை. கதவு வெளியிலிருந்து சாத்தப்படுகிறது.
மேற்பார்வையாளரின் காலடிச் சத்தம்,
சாவிக்கொத்து, ஒரு மெல்லிய சீட்டி.
முகம் தெரியாது. ஒன்றும் நடக்காது.
சந்தியாகோக்காரர் வெட்டச் சொன்னது இதைத்தான்:
"இங்கே படமே நின்றுவிடுகிறது."

நின்றது.
ரொட்டி மென்ற வாய்கள் நின்றன.
ஒர்ஃபெலினாவின் கை கோப்பையோடு
பாதி வழியில் நின்றது.
பக்கத்தில் இருந்தவள் தலையைத் திருப்பி
உண்மையான கதவைப் பார்த்தாள்.
குறட்டைகூட இல்லை.

கூடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு,
ரொட்டிக்காரனுக்குப் பாக்கி போக
கையில் நின்றது பஸ் கூலி,
கூடவே ஒரு ஜோடி புதுக் காலுறைக்கான காசு.

யஸ்னா போனில் கேட்டாள், எங்கே சிரித்தார்கள்?
சொன்னேன். எழுதிக்கொண்டாள்,
செவுளுக்குக் கீழே என்று இரண்டு முறை.
அந்த நாலு நிமிடம்?
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
தேநீர் ஆறிப்போயிற்று என்றேன்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்,
அவள் பக்கமா என் பக்கமா தெரியவில்லை.
பிறகு கேட்டாள்:
குவெல்லோன் தொழிற்சாலையில்
ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது?