கிஃப்ட் கார்டு, நான்கு

பிப்ரவரி. ஹான்காக் ஊரில் பனி
ஜன்னலின் பாதிவரை ஏறியிருந்தது.
மருந்துக்கடைக் கல்லாவில் நான்.
ஆர்மாஸ் கெஸ்கிதாலோ கேட்டது இருமல் மருந்தல்ல,
ஐந்நூறு டாலர் கிஃப்ட் கார்டு, நான்கு.

"பேரப்பிள்ளைகளுக்கா?"
"அப்படி யாருமில்லை" என்றார்.
பிறகு, மனப்பாடம் செய்ததை
தாமதமாக நினைவுக்குக் கொண்டுவந்து,
"பிறந்தநாளுக்கு. நான்கு பேருக்குப் பிறந்தநாள்."

கட்டைவிரல் நகத்தடியில் வெள்ளிப் பொடி.
நாற்பது வருடம் ஏரியில் வலை போட்டவர்,
மீன்செதில் என்றே முதலில் நினைத்தேன்.
படகை விற்று ஆறு வருடமாகிறது.
கார்டின் முதுகில் எண்ணைச் சுரண்டினால் உதிருமே,
அந்தப் பொடி.
நேற்றும் சுரண்டியிருக்கிறார்.

சட்டைப்பையில் துண்டிக்காத போன்.
உள்ளே யாரோ மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான்.

பழைய ரசீதின் பின்புறம் எழுதி நகர்த்தினேன்:
*எந்த லாட்டரிச் சீட்டு வாங்கினீர்கள்?*

படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.
வாங்காத சீட்டுக்கு விழுந்திருக்கிறது
இருபத்தைந்து லட்சம் டாலரும் ஒரு நீல லாரியும்.
வரியை மட்டும் முன்னாலேயே கட்டவேண்டும்,
இன்றைக்கே,
யாரிடமும் மூச்சுவிடாமல்.

கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கிற தெய்வம்கூட
பிய்ப்பதற்குக் கூலி கேட்டதில்லை.
அதை எழுத ரசீதில் இடமில்லை.
*எந்த அரசாங்கமும் கிஃப்ட் கார்டில் வரி வாங்காது*
என்பதை மட்டும் எழுதினேன், ஓரமாக, சாய்த்து.

என் பேனாவை வாங்கி,
மீன்விலை எழுதிப் பழகிய கையெழுத்தில்
கீழே எழுதினார்:
*தினம் எட்டு மணிக்குக் கூப்பிடுகிறான்.
முழங்கால்வலி எப்படி என்று கேட்கிறான்.*

பதில் தெரியவில்லை எனக்கு.
எட்டு மாதமாக மாத்திரை கொடுக்கிறேன்,
எந்த முழங்கால் என்றுகூடக் கேட்டதில்லை.

கார்டுகளைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு
குல்லாவை இழுத்துக்கொண்டு வெளியேறினார்.
ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்,
வண்டியின் விளக்கு
வீட்டுப் பக்கம் திரும்பாமல்
பாலத்துப் பக்கம் திரும்பும்வரை.

பாலத்துக்கு அந்தண்டை இன்னொரு மருந்துக்கடை.
லோர்னா என்ற பெண், ஒருமுறை பார்த்திருக்கிறேன்.
நம்பரைத் தேடுகிறேன், விரல் நடுங்குகிறது.

"சிவப்புக் குல்லா. வலது கால் தாங்கி வருவார்.
கார்டு மெஷின் பழுது என்று சொல்.
நாளைக்குக் கேட்டாலும் பழுது.
அப்புறம், லோர்னா,
உட்காரச் சொல். எந்த முழங்கால் என்று கேள்."

எனக்கு முன்னால் வரிசையில் நான்கு பேர்
இருமிக்கொண்டிருந்தார்கள்.
இருமட்டும்.