பதினெட்டாம் துளை

லேனா ஆற்றின் மேல் ஏப்ரல் மாதம்.
குன்னேய் இடுப்பில் கயிறு கட்டி
முன்னால் நடக்கிறாள்.
மறுமுனை முப்பதடி பின்னால்
கெஸ்கிலின் கையில்.
"ஆகாது என்று சொல்லவும்
இதன்மேல்தான் நடக்க வேண்டியிருக்கு"
என்று முணுமுணுக்கிறான்.

துளைகருவி இறங்கும், பிறகு அளவுகோல்:
எண்பத்திரண்டு. எண்பது. மறுபடி எண்பது.
பதினெட்டாம் துளையில் எழுபத்தாறு,
அதிலும் மேலே ஒரு சாண் வெளுத்த பனிக்கட்டி.
தெளிந்ததற்குத்தான் முழு மதிப்பு,
வெளுத்தது பாதிதான் தேறும்.

கரையில் இருபது டன் லாரி:
வெங்காயம், ஒரு பள்ளிக்கூடத்துப் பியானோ.
"நேற்று போனார்களே!"
போனார்கள், உண்மைதான்.
இன்று பனியின் மேல்
விரற்கடை தண்ணீர் நிற்கிறது.

பலகையில் இருபதை அடித்து
ஐந்து என்று எழுதினாள்.
ஓட்டுநர் திட்டிய திட்டில்
அவள் அதுவரை கேட்டிராத சொல் ஒன்று இருந்தது.

மே மாதம் பனி உடையும்வரை
எதுவும் மூழ்கவில்லை.
அவள் கணக்கு சரியா, வெறும் பயமா,
ஆறு வாய் திறக்கவில்லை.

ஜூனில் முதல் படகோடு
கடிதம் வந்தது, அவள் பெயருக்கு:
முளைவிட்ட வெங்காயம்,
நஷ்டம் இவ்வளவு ரூபிள்.

பதினெட்டாம் துளையின் குறிப்போடு
சேர்த்துக் குத்தி வைத்தாள்.