இன்று படகு உண்டா

முகப்பில் பஃபின் பறவைகளை வைத்தது நான்தான்.
ஆறு படங்கள். நான்கு நொடிக்கு ஒன்றாய்
தாமாகவே நகரும்.
மார்னாவுக்குப் பிடித்திருந்தது.
துறைமுக மேலாளர் இரண்டு முறை பார்த்துவிட்டு
எங்கள் தீவு இத்தனை அழகா என்றார்.

சோதனைக்கு ஐந்து பேரை அழைத்தோம்.
வந்தவர் நால்வர்.
ஐந்தாமவர் ஏறவேண்டிய படகு
காற்றில் நின்றுபோனது.
நின்றுபோனதை அவருக்குச் சொல்லவேண்டியது
எங்கள் தளம்.
மழையில் இரண்டு மணி நேரம்
அவர் பஃபின் பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்ரோண்டுர் மீன் ஆலையில்
இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தார்.
நாளைக் காலை ஏழு மணிப் படகு,
ஒரு கார், இரண்டு பேர்,
பதிவு செய்யுங்கள் என்றோம்.
உப்பில் வெடித்த விரல்.
அது ஒன்றைத் தொட்டால் அடுத்தது திறந்தது,
நாட்காட்டி விரிந்தது, மூடிக்கொண்டது.
மன்னிக்கணும், எனக்கு இதெல்லாம் வராது என்றார்.

சோதிப்பவள் வாய் திறக்கக் கூடாது.
அதுதான் விதி.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது:
இடப்பக்கம், மேலே, அந்த மூன்று கோடு!
மூன்று கோடு.
கதவுக்குக் கைப்பிடி வைக்காமல்
மூன்று கோடு கிழித்துவிட்டு வந்தவள்
குறிப்பேட்டில் எழுதினேன்:
'மன்னிப்புக் கேட்டார், இரண்டு முறை.'
அடித்துவிட்டு, மூன்று.

ஓஸ்ஸுருக்குச் சிவப்பும் பச்சையும்
ஒரே குட்டைத் தண்ணீர்.
ஓடும் படகுக்குப் பச்சை, ஓடாததற்குச் சிவப்பு என்று
நாங்கள் பெருமையாய்த் தீட்டிவைத்ததை
எல்லாமே ஓடுகிறது போல என்று
மகிழ்ச்சியோடு வாசித்தார்.

ரன்வா தளத்தைத் திறக்கவே இல்லை.
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்,
அக்கரையில் மருத்துவமனை, வயது முப்பத்தொன்று.
காலையில் எண்ணெய்க் கிடங்குக்குப் போன் செய்வாளாம்,
அங்கிருப்பவன் எட்டிக் கொடியைப் பார்ப்பானாம்.
'எனக்கு ஒரே கேள்வி.
இன்று படகு உண்டா?'

அன்றிரவு பறவைகளை இறக்கினேன்.
மார்னா என்னோடு பேசவில்லை,
வியாழன்வரை.
மேலாளரோடு ஒரு சொல்லுக்காக மூன்று கூட்டம்.
'வானிலை காரணமாகச் சேவையில்
தற்காலிக இடையூறு ஏற்பட்டுள்ளது'
என்பது அவர் வாக்கியம்.
'படகு இல்லை'
என்பது என்னுடையது.
முரட்டுத்தனமாக இருக்கிறதே என்றார்.
காற்றும் அப்படித்தான், என்றாள் மார்னா.
அது வியாழக்கிழமை.

இருநூறு குரோனுக்குப் பழைய கைபேசி ஒன்று வாங்கி
படகின் கார் தளத்தில், இரும்புச் சுவர்களுக்கிடையே,
ஒற்றைக் கோட்டு சிக்னலில் நின்று எண்ணினோம்.
பதினோரு நொடி.
எழுத்துருவைக் கழற்றினோம், ஏழு.
வரைபடத்தைக் கழற்றினோம், மூன்று.
எங்கள் முத்திரையைக் கழற்றியபோது
மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.
இரண்டு.

வெளியிட்டது செவ்வாய் இரவு இரண்டு மணிக்கு,
எந்தப் படகும் இல்லாத நேரம் பார்த்து.
மார்னா பொத்தானை அழுத்தினாள்.
ஒன்றும் நடக்கவில்லை.
நடந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.
காபி ஆறியிருந்தது, குடித்தோம்.

ஐந்தே முக்காலுக்குக் காற்று எழுந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள்,
சராசரியாய் ஒன்பது நொடி நின்றார்கள்.
யாருக்கும் பிடிக்கவில்லையா, என்று
மேலாளர் பதறிப் போன் செய்தார்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
போர்வைக்குள் திரும்பிவிட்டார்கள் என்று
அவருக்கு எப்படிப் புரியவைக்க?

ரன்வா இன்னும் கிடங்குக்குத்தான் போன் செய்கிறாள்.
அவன் இப்போது கொடியை எட்டிப் பார்ப்பதில்லை.
கைபேசியைப் பார்த்து வாசிக்கிறான்,
எங்கள் இரண்டு சொல்லை,
தன் தொண்டைச் சளியோடு.

பக்கத்தின் அடியில்
ஒரே ஒரு பஃபின், நகராதது, விட்டுவைத்திருக்கிறேன்.
மார்னாவுக்காக.
அவ்வளவு தூரம் இறங்கிப் பார்த்தவர்கள்
நேற்றுவரை பதினொரு பேர்.
அதில் நான் நான்கு.