நீல நோட்டு

முப்பத்தொரு வருஷம் தீவுக்கும் கரைக்கும் ஓடிய
படகில் எஞ்சின் பார்த்தவன் நான்.
எண்ணெய் அழுத்தம், ஓடிய மணி, கசிவு உண்டா இல்லையா,
எழுதி வைக்காத எதையும் நம்பியதில்லை.
ஆத்துமாவுக்கும் அப்படியே ஒரு நீல நோட்டு:
விடியல் நாலரை, முழங்காலில் நாற்பது நிமிடம்.
அதிகாரம் மூன்று. வெள்ளி உபவாசம்.
கோபம் இரண்டு முறை, இரண்டும் ரைவோமேல்.
மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பேன்.
போன வருஷத்தைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டதாக
ஒவ்வொரு வருஷமும் தோன்றியது.
அளந்தவனும் நான், அளவுகோலும் நான்.

பிப்ரவரியில், சாரெமாவைச் சுற்றிக் கடல் உறைந்து கிடந்த வாரம்,
விறகுக் கட்டோடு கொட்டகை வாசலில் சரிந்தேன்.
வலப்பக்கம் முழுதும் வேறொருவன் உடம்பாயிற்று.
பேச்சு போயிற்று. ஒரு சொல் மட்டும்
வடிகட்டியில் தங்கிய திப்பிபோல் நின்றது:
லெய்ப்.
எங்கள் தீவில் ரொட்டிக்கு அதுதான் பெயர்.

தண்ணீர் வேண்டுமென்றால் லெய்ப்.
ஜன்னலைச் சாத்து என்றால் லெய்ப்.
படுக்கை நனைந்துவிட்டதை
மகள் யூல்லேவிடம் சொல்லக் கூசி
சுவரைப் பார்த்துச் சொன்னதும் லெய்ப்தான்.

பார்க்க வந்த போதகர், “எங்கள் சபையின் தூண்” என்றார்.
தூண் படுத்திருந்தது.

ரைவோ, யூல்லேயின் புருஷன். ஞாயிறுகளில் குடித்துத் தூங்குகிறவன்.
பதினோரு வருஷம் என் நோட்டில் அவன் பெயர்
ஜெப விண்ணப்பம் என்ற தலைப்பின் கீழ் இருந்தது;
உள்ளபடி சொன்னால் அது புகார்ப் பட்டியல்.
அவன்தான் இப்போது எனக்குச் சவரம் செய்கிறான்.
கத்தி தொண்டைக்குழியைத் தாண்டும்போது
மூச்சைப் பிடித்துக்கொள்வது அவன், நானல்ல.
அக்குளில் கைகொடுத்துத் தூக்குகையில்
நான் இறுகிக்கொள்வேன், உதவுவதாக நினைப்பு.
“மாமா, விறைக்காதீங்க. விட்டுடுங்க.
நீங்க தூக்கினா எனக்குக் கனம் கூடுது.”

ஆயிரம் பிரசங்கம் கேட்ட காதில்
அன்றுதான் ஒன்று விழுந்தது,
பீர் வாடையோடு.

விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசை. விடவில்லை.
மறுநாளும் இறுகினேன். அதற்கு மறுநாளும்.
விடுவதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு
பல்லைக் கடித்துப் பயிற்சி செய்தேன்.
பிறகு ஒரு வியாழன், களைத்துத் தூங்கிப்போய்
விழித்தபோது நாற்காலியில் இருந்தேன்.
யார், எப்போது தூக்கி வைத்தது? தெரியாது.
மடியில் போர்வை. கால்களில் கம்பளிச் சாக்ஸ்,
ஒன்று பச்சை, ஒன்று சாம்பல்.

அலமாரியைக் காட்டி லெய்ப், லெய்ப் என்றேன்.
நாலாவது முறையில் நோட்டை எடுத்து வந்தாள் யூல்லே.
மிச்சப் பக்கங்களில் ரைவோவின் கோணல் எழுத்து:
எட்டு மணி, மாத்திரை கொடுக்கப்பட்டது.
பத்து, இடப்பக்கம் புரட்டப்பட்டார்.
பன்னிரண்டு, ஊட்டப்பட்டார், பாதி துப்பினார்.
மூன்று, கழுவப்பட்டார்.

என் பக்கங்களைப் புரட்டினேன். எல்லாம் செய்வினை.
ஜெபித்தேன், வாசித்தேன், ஒறுத்தேன், ஜெயித்தேன்.
ஆண்டவரிடம் அறிக்கை கொடுத்திருக்கிறேன்;
எதையும் கேட்டு வாங்கியதில்லை.
ரைவோவின் பக்கத்திலோ
துப்பியது ஒன்றுதான் என் செயல்.

சிரிப்பு வந்தது. கோணிய வாய்வழியே வழிந்த அதை
அழுகையென்று நினைத்துத் துடைத்துவிட்டான் அவன்.

இரவில், கர்த்தர் கற்பித்த ஜெபத்தை முயல்கிறேன்.
தொடக்கத்திலேயே நாக்கு வழுக்குகிறது.
ராஜ்யம் வரவில்லை. சித்தம் வரவில்லை.
கடனும் சோதனையும் தொண்டையிலேயே நிற்கின்றன.
நடுவில் இருக்கும் ஒரே ஒரு சொல்
இந்த வாயைத் திறந்துகொண்டு வெளியே போகிறது.
அதையே சொல்கிறேன். திரும்பவும்.
கடல்பக்கம் எங்கோ பனி விரிசல் விடும் சத்தம்.
அடுத்த அறையில் ரைவோ இருமுகிறான்,
எழுகிறான், எதன்மேலோ இடித்துக்கொண்டு திட்டுகிறான்.
பசிக்கிறதாக்கும் என்று நினைத்து
வருகிறான், பாலில் நனைத்த ஒரு துண்டோடு.

வாயைத் திறக்கிறேன்.